உஷார்! பேக்கேஜ் ஆபரேஷனுக்குத் தலையாட்டும் முன்

2024 நவம்பரில் நடந்தது இது. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் போரிசணா என்றொரு கிராமம். அகமதாபாத்தின் கியாதி மருத்துவமனை அங்கே இலவச முகாம் போட்டது. வந்தவர்களில் 19 பேரைப் பஸ்ஸில் ஏற்றி அகமதாபாத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லோருக்கும் ஆஞ்சியோகிராம். அதில் ஏழு பேருக்கு ஸ்டென்ட். இரண்டு பேர் உயிரோடு ஊர் திரும்பவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வீட்டார் கதறினார்கள். நோயாளிகள் கையிலிருந்து ஒரு பைசா செலவாகவில்லை, எல்லாம் ஆயுஷ்மான் பாரத் அட்டையில் நடந்தது. பிறகு அரசு அந்த மருத்துவமனையைத் திட்டத்திலிருந்து நீக்கியது, டாக்டர் உட்படச் சிலர் கைதானார்கள். போன உயிர் போனதுதான்.

குஜராத்தில் நடந்ததுக்கு நாம் ஏன் பதறவேண்டும் என்று கேட்காதீர்கள். தென்காசி மாவட்டத்தில் இன்று பெரிய ஆபரேஷன் என்றாலே முதலில் வரும் கேள்வி, "அட்டை இருக்கா?" என்பதுதான். கடையநல்லூரில் பீடி சுற்றுகிற அக்காவானாலும், சுரண்டையில் காய்கறி மூட்டை தூக்குகிற அண்ணாச்சியானாலும், இந்தக் கேள்விக்கு "இருக்கு" என்று பதில் சொன்னதும் மனசு லேசாகிவிடுகிறது. "பைசா செலவில்ல, நாளைக்கே போட்டுருவோம்லா" என்று எதிரே இருப்பவர் சொன்னால், அதற்குமேல் ஒரு கேள்வி கேட்க நாக்கு எழுவதில்லை. சும்மா செய்கிறவர்களிடம் போய் நோண்டி நோண்டிக் கேட்பதா என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். யாரும் உங்களுக்குச் சும்மா செய்யவில்லை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018-ல் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. இன்று ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அந்தப் பணம் நம் வரிப்பணம். பித்தப்பை எடுத்தால் இவ்வளவு, கர்ப்பப்பை எடுத்தால் இவ்வளவு, மூட்டு மாற்றினால் இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை முடிவாகியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பேச்சில் அதுதான் 'பேக்கேஜ்'. ஆபரேஷன் தியேட்டர், டாக்டர், மயக்க மருந்து, கட்டில், மாத்திரை, சாப்பாடு எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடங்கவேண்டும்.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. இது வருவதற்கு முன் இந்த ஊர்ப்பக்கம் ஒரு இருதய ஆபரேஷன் என்றால் வயலை விற்றார்கள், தாலியை அடகு வைத்தார்கள், அதுவும் முடியாதவர்கள் விதி என்று வீட்டிலேயே கிடந்தார்கள். அந்த நிலை மாறியது பெரிய காரியம். திட்டம் வேண்டும், இன்னும் நன்றாக வேண்டும். ஆனால் தொகை முன்கூட்டியே முடிவானால் ஆஸ்பத்திரியின் கணக்கு எப்படி மாறுகிறது என்பதை நோயாளியும் தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

செய்வதற்கெல்லாம் பில் போடும் ஆஸ்பத்திரியில் பயம் ஒரு விதம். தேவையில்லாத ஸ்கேன், தேவையில்லாத ஊசி, கூடுதல் நாள் படுக்கை. பேக்கேஜில் பயம் அப்படியே திரும்பிவிடுகிறது. ஒரு கேஸுக்கு வருமானம் இவ்வளவுதான் என்றால், மிச்சம் பிடிக்க இரண்டே வழி. கேஸ் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு கேஸிலும் செலவைக் குறைக்கவேண்டும். நல்ல டாக்டர்கள் இரண்டையும் அளவோடு, நோயாளிக்குக் கெடுதல் வராமல் செய்கிறார்கள். அளவு மீறும் இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குக் கணக்கில்லாத சாட்சி இந்த நாட்டில் இருக்கிறது.

எண்ணிக்கையைக் கூட்டிய கதையைச் சொல்கிறேன். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். ஒரு குழு ஒரு நாளில் 30-க்கு மேல் செய்யக்கூடாது என்பது அரசின் விதி. 13 பெண்கள் செத்துப்போனார்கள். எல்லோரும் ஏழைகள். இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தவேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது.

பிலாஸ்பூர் முகாமுக்கு ஆறு ஆண்டு முன்பு நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது இன்னொன்று. 2008 ஜூலையில் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமவாசிகளை இலவச முகாமிலிருந்து பெரம்பலூர் ஜோசப் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கண்புரை ஆபரேஷன் செய்தார்கள். கிருமி தொற்றி 66 பேருக்கு ஆபரேஷன் செய்த கண்ணில் பார்வை போனது. வழக்கு சிபிஐ வரை போனது. பார்வை தெளிவாகும் என்று வேனில் ஏறியவர்கள், இருந்த கொஞ்சம் பார்வையையும் இழந்து வந்தார்கள்.

கர்ப்பப்பை விஷயம் இன்னும் கொடுமை. ஆந்திராவில் ஆரோக்கியஸ்ரீ திட்டம் வந்த புதிதில் தனியார் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் பெருகிப்போய், அரசே தலையிட்டுக் கட்டுப்பாடு போடவேண்டி வந்தது. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, கொஞ்சம் கூடுதல் உதிரப்போக்கு என்று போகிற 35 வயதுப் பெண்ணிடம் "எடுத்துட்டா தொந்தரவு விட்டுச்சு தாயி, அட்டையில முடிஞ்சிரும்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையில் சரியாகுமா, காத்திருந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் கேட்கலாம், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் கூலியும்தான் போகும். பரிசோதனைக்குப் போட்ட கையெழுத்தை வைத்து உறுப்பை எடுக்கக்கூடாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சமிரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் கர்ப்பப்பையை எடுத்ததைப் பற்றியதுதான்.

இனி செலவைக் குறைக்கும் வழிக்கு வருகிறேன். இதுதான் கண்ணுக்குத் தெரியாதது, அதனால்தான் அதிகம் பயப்படவேண்டியது. வரவேற்பறையில் குறைக்கமாட்டார்கள், ஏசி ஓடும், தரை பளபளக்கும். தியேட்டருக்குள்ளும் பெரும்பாலும் குறைவு இருக்காது, ஏனென்றால் அங்கே தப்பு நடந்தால் உடனே தெரிந்துவிடும். கத்தரி விழுவது மூன்று இடத்தில். ஆபரேஷன் முடிந்த அன்றைய ராத்திரி, கருவிகளைக் கிருமி நீக்கும் அறை, டிஸ்சார்ஜுக்கு அப்புறம்.

ராத்திரியை முதலில் சொல்கிறேன். நம்மைப் போன்ற ஊர்களில் பல ஆஸ்பத்திரிகள் நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து நடத்துபவை. பெரிய ஆபரேஷனுக்கு வெளியூரிலிருந்து சர்ஜன் வருவார், திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ. அவருக்கு 'விசிட்டிங் டாக்டர்' என்று பெயர். காலையில் வருவார், மூன்று நாலு கேஸ் முடிப்பார், சாயங்காலம் கார் ஏறிவிடுவார். மயக்க மருந்து கொடுத்தவரும் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அவர்கள் கெட்டிக்காரர்கள், கை சுத்தம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு நோயாளிக்கு வயிறு வீங்கினால், மூத்திரம் போகாவிட்டால், நாடி எகிறினால் யார் வந்து பார்ப்பது? வார்டில் இருப்பது இருபது வயதுப் பெண் ஒருத்தி. எத்தனை கட்டிலுக்கு அவள் ஒருத்தி? டாக்டரை எழுப்பினால் திட்டுவாரோ என்ற பயம் அவளுக்கு. ஆளைக் குறைத்து மிச்சம் பிடிப்பது அந்த ராத்திரி ஷிப்டில்தான்.

அத்தை ஒருத்தரின் பித்தப்பை ஆபரேஷனுக்குத் துணைக்குப் படுத்திருந்தபோது இதை நேரில் பார்த்தேன். ஊரும் பெயரும் வேண்டாம். நடுராத்திரி அத்தைக்குக் குளிர் நடுக்கம். நர்ஸ் பிள்ளை வந்து தெர்மாமீட்டர் வைத்தாள், 101 என்றாள், பாராசிட்டமால் ஒன்றைக் கையில் கொடுத்தாள். பிரஷர் பார்க்கவில்லை. கட்டிலின் காலடியில் தொங்கிய சார்ட்டில் ஒன்றும் எழுதவில்லை. "டூட்டி டாக்டர் யாரும்மா?" என்று கேட்டேன். "காலைல வருவாவ" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளைத் தனியாக விட்டவர்கள்மேல்தான் வந்தது. விடிந்ததும் அந்தச் சார்ட்டைப் பார்த்தேன். ராத்திரி 10, 12, 2, 4 என்று எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், 98.6 என்று நிரப்பியிருந்தது. 101 எங்குமே இல்லை.

அத்தை பிழைத்துக்கொண்டார். பிழைக்காத பிள்ளை ஒன்று உண்டு. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை ஒருத்திக்குப் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் ஆபரேஷன் நடந்தது. அழுத்திக் கட்டிய கட்டு அளவுக்கு மேல் இறுகி, காலுக்கு ரத்தம் போகாமல், காலை எடுத்தும் காப்பாற்ற முடியாமல் அவள் இறந்துபோனாள். கவனக்குறைவு என்று சுகாதார அமைச்சரே ஒத்துக்கொண்டார். அது அரசு ஆஸ்பத்திரி, பேக்கேஜ் லாபக் கணக்குக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் தவறு விழுந்த இடம் அதேதான். ஆபரேஷன் மேஜையில் விழவில்லை, ஆபரேஷனுக்கு அப்புறமான மணிகளில், வலிக்கிறது என்று அவள் சொன்னதை யார் எவ்வளவு சீக்கிரம் காதில் வாங்கினார்கள் என்பதில் விழுந்தது. இதை ஒவ்வொரு துணையாளும் மனசில் எழுதிக்கொள்ளவேண்டும். ஆபரேஷன் செய்த இடத்தில் கட்டு இறுக்கி வலி தாங்கவில்லை, விரல் மரத்துப்போகிறது, நிறம் மாறுகிறது என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். சத்தம் போடுங்கள். மரியாதைக் குறைவாக நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது கிருமி விஷயம். குறைந்த கட்டணம் என்றால் பாதுகாப்பும் குறையத்தான் செய்யும் என்று சிலர் வாதாடுவார்கள். அது சுத்தப் பொய், அதற்குச் சாட்சி நம் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் திருநெல்வேலியில் 1988 முதல் கிளை உண்டு, தென்காசிக்காரர்களுக்கு அது பழகிய வாசல்தான். இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் லட்சக்கணக்கில் கண்புரை எடுக்கிறார்கள். ஆனால் எந்த ஆபரேஷனில் எந்தச் சிக்கல் வந்தது என்று பதிவு செய்கிறார்கள், எண்ணுகிறார்கள். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஒரு கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைக் கணக்கெடுத்து 2017-ல் வெளியிட்டார்கள். கண்ணுக்குள் சீழ் பிடிப்பது பத்தாயிரத்துக்கு 7 என்றிருந்தது 2 ஆகக் குறைந்திருந்தது. அந்த மருந்தும் அவர்களுடைய ஆரோலேப் தயாரித்ததுதான். இத்தனைக்கும் அங்கே ஒரு நாளில் செய்யும் எண்ணிக்கை எந்த முகாமையும் மிஞ்சும். பெரம்பலூரில் 66 கண் போனதும் கண்புரைதான், இங்கே காப்பாற்றப்படுவதும் கண்புரைதான். கூட்டம் காரணமில்லை, கட்டணம் காரணமில்லை. எண்ணுகிறார்களா, எண்ணியதை ஒளிக்காமல் எதிர்கொள்கிறார்களா என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே ஆஸ்பத்திரி நிர்வாகங்களிடம் கேட்கவேண்டியதும் அதுதான். போன வருஷம் உங்கள் தியேட்டரில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடித்தது, எத்தனை பேர் திரும்ப அட்மிட் ஆனார்கள், எத்தனை பேரை அவசரமாக நெல்லைக்கு அனுப்பினீர்கள்? பதில் சொல்லத் தெரியாத ஆஸ்பத்திரிக்குத் தன் தவறே தெரியாது என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. மொத்தம் 19 விஷயம், ஒரே பக்கம். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே வரும் முன் என்று மூன்று தடவை நின்று, சத்தமாகச் சொல்லிச் சரிபார்க்கவேண்டும். இவர் யார், எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா? டெல்லி உட்பட எட்டு நகரங்களில் செய்துபார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. காகிதச் செலவைத் தவிர இதற்கு ஒரு செலவும் கிடையாது. பேக்கேஜ் தொகை பத்தவில்லை என்று சாக்குச் சொல்ல இதில் இடமே இல்லை. "ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தச் செக்லிஸ்ட் போடுவீங்களா டாக்டர்?" என்று ஒரு வரி கேட்டால் போதும். நல்ல டாக்டர் சந்தோஷப்படுவார்.

இனி டிஸ்சார்ஜுக்கு அப்புறம் நடப்பது. ஆள் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் அவரால் வரவேண்டிய தொகை முடிந்துவிட்டது. இனி அவருக்காகச் செலவாகும் ஒவ்வொரு நிமிஷமும் கைக்காசு. அதனால் இங்கேதான் அதிகம் நழுவுகிறது, இதை யாரும் பேசுவதே இல்லை.

பித்தப்பையோ கர்ப்பப்பையோ கட்டியோ எடுத்தால், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். 'பயாப்சி' என்று சொல்வார்கள். கல்லுக்காக எடுத்த பித்தப்பையில் புற்றுநோயின் ஆரம்பம் தெரிந்த சம்பவங்கள் மருத்துவத்தில் உண்டு. ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். தையல் பிரிப்பது வேறொரு டாக்டர், அதுவும் உள்ளூர் கிளினிக்கில். சர்ஜன் வெளியூரில். ரிப்போர்ட் ஆஸ்பத்திரியின் ஒரு ஃபைலில் கிடக்கும். யார் அதைப் பிரித்துப் படித்து, யார் போன் போட்டுக் கூப்பிடுவது? பல டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் இடத்தில் எல்லோருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லாமல் போய்விடும்.

இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. அமெரிக்காவில், குறிப்பாகக் கலிஃபோர்னியாவில், நூற்றுக்கணக்கான டாக்டர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து, தலைக்கு மாதம் இவ்வளவு என்று முன்பணம் வாங்கி மக்களைக் கவனிக்கும் ஏற்பாடு உண்டு. அங்கேயும் பாதுகாப்பு என்று பேச ஆரம்பித்தால் முதலில் வருவது, டெஸ்ட் ரிசல்ட் தொலைவதும், பெரிய டாக்டருக்கு அனுப்பத் தாமதிப்பதும்தான். நம் ஈஎஸ்ஐ திட்டம் 1952-ல் தொடங்கியபின், மும்பை, கொல்கத்தா பக்கம் பேனல் டாக்டர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்றுதான் கொடுத்துவந்தது. தலைக்கணக்கில் பணம் வந்தால், வந்து நிற்கும் நோயாளியை நன்றாகப் பார்ப்பார்கள், வராதவரைத் தேடிப் போகமாட்டார்கள். அதனால் வராதவரையும் தேடுகிற ஏற்பாட்டைச் சம்பளத்தோடு கட்டிவைக்கவேண்டும். ரிசல்ட் வந்ததும் கூப்பிடுவது இன்னார் பொறுப்பு என்று ஒரு ஆளின் பெயரை எழுதிவைக்கவேண்டும்.

அரசு இதைச் செய்யும்வரை நீங்கள் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். முழுக்க இங்கிலீஷில் இருக்கும், பாதி சுருக்கெழுத்து. 1-0-1 என்றால் காலையும் ராத்திரியும். 'எஸ்ஓஎஸ்' என்றால் தேவைப்பட்டால் மட்டும். வீட்டில் படித்த பிள்ளையை அந்தக் காகிதத்தோடு டாக்டர் முன்னால் நிறுத்தி, எந்த மாத்திரை எத்தனை நாள், பழைய சர்க்கரை மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது, பயாப்சி அனுப்பினீர்களா, ரிசல்ட் எந்தத் தேதி, யாரிடம் வாங்குவது என்று கேட்டு, தமிழில் அதே காகிதத்தின் பின்பக்கம் எழுதிவாங்குங்கள். ஒரு போன் நம்பரும் வேண்டும், வரவேற்பறை நம்பர் அல்ல, ராத்திரி எடுக்கும் நம்பர்.

குற்றாலத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் சாரல் சீசனில் இந்த மாவட்டத்தின் ஆஸ்பத்திரிகளுக்கு வேறு ஒரு நெருக்கடி. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பாறையில் வழுக்கி விழுகிறவர்கள், தென்காசி–திருநெல்வேலி சாலையில் மோதிக்கொள்கிறவர்கள், குளிர்ந்த தண்ணீரில் நெஞ்சு பிடித்துக்கொள்கிற வயசாளிகள் என்று வரிசையாக வருவார்கள். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனைக் கொண்டுபோனதை இந்த ஊர் மறக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு எந்த ஆஸ்பத்திரி எப்படி என்று தெரியாது, யாரோ கூட்டிப்போன இடத்தில் கையெழுத்துப் போடுவார். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் அரசு பட்டியலிட்ட மருத்துவமனைகளில் 81 சிகிச்சைகள் உண்டு, எந்த மாநிலத்தவராக இருந்தாலும் உண்டு. 108-ஐ அழையுங்கள். 48 மணி முடிகிற நேரத்தில் உஷாராக இருங்கள். அந்த நேரத்தில் சொல்லப்படும் 'இங்கேயே ஒரு ஆபரேஷன்' அல்லது 'உடனே வேறு இடம் கொண்டுபோங்க' இரண்டுமே நோயாளியின் நிலைக்காகச் சொல்லப்படுகிறதா என்று அரசு டாக்டர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அருவிக்கு வாருங்கள். விடுதி அறையில் விட்டுவந்த சீட்டால் பிரயோஜனம் இல்லை.

இலவச முகாமுக்குப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். போங்கள், பிரஷர் பாருங்கள், சர்க்கரை பாருங்கள், கண் பாருங்கள். ஆனால் முகாம் நடந்த அன்றோ மறுநாளோ வேனில் ஏறி ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். நெஞ்சுவலி வந்து துடிக்கிற ஆளின் அவசரம் வேறு. நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு நாளைக்கே ஸ்டென்ட் வைக்கவேண்டிய அவசரம் அபூர்வம். வீட்டுக்கு வந்து, மகனிடமோ மகளிடமோ சொல்லி, ரிப்போர்ட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள். அட்டையை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், போனுக்கு வரும் ஓடிபியை முகாம் மேஜையில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள்.

போகிற ஆஸ்பத்திரி தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-ன்படி பதிவு செய்ததா என்று சுவரில் பாருங்கள். என்ஏபிஎச் தரச்சான்று தொங்கினால் அதன் தேதியைப் பாருங்கள், காலாவதியாகியிருக்கலாம். அந்தச் சான்று வைத்திருக்கும் மருத்துவமனைக்குப் பிரதமர் திட்டத்தில் பேக்கேஜ் தொகையே கூடுதலாகக் கிடைக்கிறது. ஆரம்பநிலைச் சான்றுக்கு 10 சதவீதம், முழுச் சான்றுக்கு 15 சதவீதம். தரத்துக்குக் கொடுக்கும் அந்தக் கூடுதல் பணம் ராத்திரி வார்டுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துக்கு உண்டு. மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் பகலில் வந்து ஃபைல் பார்த்தால் போதாது. ராத்திரி ரெண்டு மணிக்குச் சொல்லாமல் வந்து, டூட்டி டாக்டர் எங்கே என்று கேட்கவேண்டும்.

ஏதாவது தப்பாகப் போய்விட்டால் ஊமையாக வீடு திரும்பாதீர்கள். கேஸ் ஷீட்டின் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது 2002 முதல் மருத்துவர் நெறிமுறை விதி. எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள். "சும்மா வைத்தியம் பார்த்ததுக்கு வழக்கு போடமுடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஈஎஸ்ஐ மருத்துவமனைக்கும் அது பொருந்தும் என்று 2007-ல் கிஷோர் லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும், அதற்குமேல் தாமதித்தால் கஷ்டம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று, இதைக் கிழித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாலும் சரி. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், தையலில் சீழ் அல்லது கெட்ட வாடை, வயிறு உப்பி வாந்தி, மூத்திரம் போகாமை, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், கண் ஆபரேஷன் என்றால் கண் சிவந்து வலியோடு பார்வை மங்குதல், இதில் எது வந்தாலும் கை வைத்தியம் பார்க்காமல் அன்றே ஓடுங்கள். மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். பிரதமர் திட்ட விதிப்படி டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் வரையிலான கவனிப்பும் அதே பேக்கேஜுக்குள் அடக்கம். "புதுசா பணம் கட்டணும்", "அட்டையில வராது" என்று கவுண்டரில் சொன்னால் அங்கேயே நின்று 1800 425 3993-க்குப் போன் போடுங்கள், முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் கட்டணமில்லா எண். அரசின் 104-லும் கேட்கலாம். பேசியவர் பெயர், நேரம் இரண்டையும் டிஸ்சார்ஜ் காகிதத்தின் பின்பக்கமே எழுதிக்கொள்ளுங்கள்.